பனிநாட்டுத் துக்கம்

கோரைக்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. கார்த்திகை மாதம். ஆரை என்ற நீர்க்கோழி கோரைத்தட்டைகளை வளைத்து வளைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றில் முட்டை கனத்தது. இன்னும் ஐந்தாறு நாளில் இட்டாக வேண்டும். அவள் புருஷன் சம்பன் ஒரு தட்டையைக் கொண்டுவந்து போடுவான். பிறகு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். உழைப்பாளிதான், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்.

அந்தக் குளத்துக்குத் தலைவர், அலகுக்குக் கீழே பை தொங்கும் ஒரு கூழைக்கடா. தொங்கலார் என்று பெயர். மீனுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது மரியாதை. சில நாள் மீனுக்கு முன்னாலேயே பிடிக்கும்.

ஒரு நாள் காலையில் வடக்கேயிருந்து முப்பது வாத்துகள் வந்து இறங்கின. தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்துகள். பனிமலைக்கு மேலே பறந்து வருகிறவை. கூட்டத்தில் மூத்தவர் நெடுவழியார். தொங்கலார் ஓடிப்போய் அவரைக் கரையில் நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்தார்.

"உங்க குளத்துல பருவத்துக்குத் தெய்வம் யாருங்க?" என்று நெடுவழியார் பேச்சுவாக்கில் கேட்டார்.

மழை வந்தால் "தாயே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு இரை தேடப் போவதுதான் அந்தக் குளத்துப் பறவைகளின் வழக்கம். அதை வெளியே சொல்லத் தொங்கலாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்படியெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்லைங்க. நீங்க நாலு தேசம் பார்த்தவங்க, நீங்க சொல்லுங்க" என்று இழுத்தார்.

நெடுவழியார் சொன்னார். ஒரு தேசத்தில் பயிர்களுக்கெல்லாம் தாயான தேவி இருந்தாளாம். அவள் மகளைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். தாய் அழுத அழுகையில் பூமி விறைத்து, புல் பூண்டு எல்லாம் பட்டுப்போனதாம். வசந்தத்தில் மகள் திரும்பி வந்த பிறகுதான் பச்சை துளிர்த்ததாம். இன்னொரு தேசத்தில் சூரியனே ஒரு பெண். அவள் கோபித்துக்கொண்டு குகைக்குள் போய்க் கல்லால் வாசலை மூடிக்கொண்டாளாம், வெளியே வருகிற வரைக்கும் உலகம் இருண்டு கிடந்ததாம். மற்றொரு தேசத்தில் அழகான வாலிபன் ஒருவனைப் பன்றி குத்திக் கொன்றுவிட்டது, அவன் வருஷா வருஷம் மறுபடி உயிரோடு வருகிறானாம்.

"எங்க போனாலும் இதே கதைதான். குளிர்காலத்துல தெய்வம் மறையும், உலகம் அழும். வசந்தத்துல திரும்பி வரும், உலகம் சிரிக்கும்" என்று முடித்தார் நெடுவழியார்.

சொல்லும்போது அவர் மனதில் ஒரு சூதும் இல்லை. விருந்துக்கு வந்த இடத்தில் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார். ஆனால் தொங்கலாருக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. உலகமே அழுகிறது, நம் குளம் மட்டும் தின்றுகொண்டிருக்கிறதே!

மறுநாளே குளத்துப் பறவைகளையெல்லாம் கூட்டி, கேட்ட கதையைச் சொன்னார். "இன்னையிலேருந்து பங்குனி பிறக்கிற வரைக்கும் துக்கம். ஒரு வேளைதான் தீனி. கூடு கட்டக் கூடாது, முட்டை இடக் கூடாது. சாயங்காலம் எல்லாரும் கரையில கூடி ஒப்பாரி வைக்கணும். தேவி மகள் திரும்பி வந்ததும் கல்யாணம், கூடு, விருந்து எல்லாம் வச்சுக்கலாம்."

பறவைகள் தலையை ஆட்டின. தலையாட்டுவதற்குச் செலவா, பாடா? ஆரை மட்டும் ஆட்டவில்லை. முட்டை பங்குனி வரைக்கும் காத்திருக்குமா?

"தலைவரே, எது பட்டுப்போச்சு இங்க? தண்ணி மறுகால் பாயுது. மீன் துள்ளுது. புல்லு என் தலைக்கு மேல நிக்குது. பனியை நாம கண்ணால பார்த்திருக்கோமா? நமக்கு எல்லாம் காயறது சித்திரையில. குஞ்சு பொரிக்கிறதுக்கு இதை விட்டா வேற காலம் ஏது?" என்று கேட்டாள்.

"உலகம் முழுக்க ஒண்ணு செய்யுது, நீ ஒண்ணு சொல்றியா? நாளைக்கு நாலு தேசத்துப் பறவை நம்மளைப் பத்தி என்ன பேசும்?"

"பேசட்டுமே. அவங்களா வந்து என் முட்டையை அடைகாக்கப் போறாங்க?"

"ஏய், சும்மா இரு. பெரியவங்க பேசுறாங்க" என்று அதட்டினான் சம்பன். இரண்டு நாளாக ஒரு தட்டைகூடக் கொண்டுவராதவனுக்கு அதட்ட மட்டும் தெம்பு இருந்தது.

ஆரை ஏழு முட்டை இட்டாள். துக்கத்தைக் கெடுத்தவள் என்று குளமே அவளை ஒதுக்கிவைத்தது. நீர்க்கோழிகளில் புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி அடைகாப்பதுதான் முறை. சம்பன் கூட்டுப் பக்கமே வரவில்லை. ஒப்பாரியில் தன் குரல் எடுபடுவதை அவன் கண்டுபிடித்திருந்தான். "ஐயோ மகளே, பாதாளம் போனாயே!" என்று அவன் இழுத்தால் நாரைகள் மூக்கைச் சிந்தும். தொங்கலாரே ஒரு நாள் "என்ன குரலய்யா உனக்கு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை.

"ஒரே ஒரு நாழி வந்து முட்டை மேல உட்காருங்க. நான் நாலு வாய் தின்னுட்டு ஓடி வந்துடறேன்" என்று கெஞ்சினாள் ஆரை.

"துக்கத்துல இருக்கேன். முட்டையைத் தொட்டா தீட்டு."

பசி தாங்காமல் அவள் தனியாக இரை தேடப் போனாள். திரும்பி வந்தபோது தண்ணீர்ப் பாம்பு மூன்று முட்டைகளை விழுங்கிவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. அந்தச் சாயங்காலம் கரையில் யாரோ ஒரு தேவியின் மகளுக்காக முந்நூறு பறவைகள் அழுதன. ஆரையின் மூன்று பிள்ளைகளுக்காக அவள் ஒருத்திதான் அழுதாள். அழுகையை விட அவளுக்கு ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

மிச்சம் நாலும் மார்கழியில் பொரிந்தன. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயப் போனவள், நெடுவழியார் கூட்டம் கரைப்புல்லை வளைத்து வளைத்துத் தின்பதைப் பார்த்தாள். ஊரார் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டதால் புல் அத்தனையும் அவர்களுக்குத்தான். வந்தபோது மெலிந்திருந்த வாத்துகள் இப்போது நடக்கவே சிரமப்பட்டன.

"ஐயா, உங்க பிள்ளைங்க யாரும் அழக் காணோமே?"

"நாங்க விருந்தாளிங்கம்மா. விருந்தாளிக்கு ஏது துக்கம்?" என்றார் நெடுவழியார்.

"உங்க ஊர்ல இப்ப பனிதானே?"

"ஆமா. ஒரு புல்லு கிடையாது. அதனாலதானே இவ்வளவு தூரம் வந்தோம்."

"அந்தத் தாய் அழுததுலதானே அங்க புல்லு பட்டுப்போச்சு? இங்க புல்லு இருக்கு, இது பஞ்சகாலம் இல்லைன்னு எங்க தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

நெடுவழியார் வாயிலிருந்த புல்லை மென்று முடித்தார். "அவர் கதை கேட்டார், சொன்னேன். இதைக் கேட்கலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த கொத்துக்குப் போனார்.

மாசிக் கடைசியில் வாத்துகள் கிளம்பின. "தேவி மகள் அங்க வந்துடுவா, நாங்க போகணும்" என்று சொல்லிக்கொண்டு, கனத்த உடம்பை மேலே தூக்க முடியாமல் இரண்டு தடவை தண்ணீரில் விழுந்து எழுந்து பறந்தன. தொங்கலார் கண்கலங்கி வழியனுப்பினார்.

பங்குனி பிறந்தது. குளத்தில் ஒரே கொண்டாட்டம். எங்கே பார்த்தாலும் கல்யாணம், எந்த மரத்தில் பார்த்தாலும் கூடு. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. சம்பன் சிறகைக் கோதிக்கொண்டு ஆரையிடம் வந்தான்.

"வா ஆரை, கூடு கட்டலாம். இதுதான் நல்ல காலமாம்."

"உங்க குரலுக்கு ஏத்த பொண்ணு பாதாளத்துல இருக்கா. அங்க போய்ப் பாருங்க" என்றாள் ஆரை. அவளுடைய நாலு பிள்ளைகளும் இறக்கை முளைத்துப் பறக்கப் பழகியிருந்தன. அவர்களைக் கூட்டிக்கொண்டு, வற்றாத ஆற்றுமடுவுக்குப் புறப்பட்டாள். போகிற வழியில் தொங்கலாரின் கருவேல மரத்தடியில் நின்றாள்.

"தலைவரே, அடைகாக்கிறதை விட்டுட்டு எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்க. இன்னும் ஒரு மாசத்துல இங்க சேறுகூட இருக்காது."

"தேவி மகள் வந்தாச்சு. இனிமேல்தான் பச்சை பிடிக்கும். துக்கத்தைக் கெடுத்தவ நீ, உனக்கு என்ன தெரியும்?" என்று மேலேயிருந்து சிரித்தார் தொங்கலார்.

சித்திரை வெயில் வந்தது. குளம் வெடித்தது. கோரையில் கட்டிய கூடுகளுக்குத் தெருநாய்கள் கால் நனையாமல் நடந்து வந்தன. மரத்துக் கூடுகளில் குஞ்சுகள் பொரிந்து வாயைத் திறந்தன, போட மீன் இல்லை. தொங்கலார் பத்துக் கல் தூரம் பறந்து தேடி, வெறும் அலகோடு திரும்பினார். அவருடைய மூன்று குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் கூட்டிலிருந்து கீழே விழுந்தன.

வைகாசியில் அவர் ஆற்றுமடுவுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆரையின் பிள்ளைகள் தண்ணீரில் முங்கி விளையாடுவதை வெகுநேரம் பார்த்தார்.

"முறைப்படி நாலு மாசம் அழுதோம். ஒரு நாள்கூட விடலை. அந்தத் தாய்க்கு மகள் திரும்பக் கிடைச்சா. எங்க பிள்ளைங்க மட்டும் ஏன் செத்துச்சு?" என்று கேட்டார்.

ஆரைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இல்லை. சொல்லாமல் விடவும் மனமில்லை.

"அந்தத் தாய் தன் மகளுக்காக அழுதா. நீங்க யாரோட மகளுக்கு அழுதீங்க?"

ஆரை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரை தேடப் போய்விட்டாள்.

தன் குளத்துத் தண்ணீரைப் பார்க்காமல் வேற்றூர்த் தெய்வத்தின் பருவத்தைப் பார்த்து வாழ்கிறவன், தன் பிள்ளையைத் தானே பட்டினி போட்டுக் கொல்லுகிறான்.