தண்ணீர் வேண்டாம் என்ற தோசைக்கல்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு டிபன் கடை. அந்தக் கடையில் ஒரு தோசைக்கல் இருந்தது. கல் என்றால் லேசுப்பட்ட கல் இல்லை, பெருமைக்காரக் கல். அது சுட்ட தோசையைத் தின்றுவிட்டுத்தான் பாதி ஊர் பஸ் ஏறும். அது கல்லுக்கும் தெரியும். தெரிந்தால் சும்மா இருக்குமா? பக்கத்து அடுப்பு இட்லிச் சட்டியிடம் காலையிலிருந்து சாயங்காலம்வரை அதே பேச்சுதான்.

கல்லுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒன்று தண்ணீர்ச் செம்பு, இன்னொன்று தென்னந்துடைப்பம். ஒவ்வொரு ஈடு தோசை எடுத்ததும் மாஸ்டர் தங்கமாரி செம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் கல்லின்மேல் தெளிப்பாள். சொர்ரென்று ஆவி கிளம்பும். துடைப்பம் ஓடிவந்து ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகும். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் அடுத்த மாவு.

ஒருநாள் முதலாளி குருசாமி அண்ணாச்சி அடுப்படிக்கு வந்தார்.

"தங்கமாரி, ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல நம்ம புதுக்கடை ரெடியாயிட்டு. வாசல்லயே கண்ணாடி போட்டு, போறவாறவங்க பாக்கிற மாதிரி தோசை போடணும். நீதான் அங்க பெரிய மாஸ்டர். ஆனா இந்தக் கல்லையே கொண்டுபோவமா, இதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குவமான்னுதான் யோசிக்கேன். ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல பாத்துட்டுச் சொல்லுதேன்."

கல்லுக்குத் திக்கென்றது. கண்ணாடி வாசல், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை! நடுவில் வேறு போக்கிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கல் முதல் வேலையாகச் செம்பைக் கூப்பிட்டது.

"ஏலே, இன்னைக்கு நீ என் பக்கமே வரக்கூடாது."

"ஏன் அண்ணே?"

"அண்ணாச்சி பாத்துக்கிட்டு நிக்கும்போது சொர்ருன்னு மூச்சு வாங்கினா என்ன நெனைப்பாரு? கல்லு களைச்சுப்போச்சுன்னு நெனைக்க மாட்டாரா? நிக்காம உழைக்கிறவனைத்தான் வாசல்ல வைப்பாங்க."

துடைப்பத்துக்குச் சிரிப்பு வந்தது. "அடக் கிறுக்கா, கருகிப்போவே பாத்துக்கோ."

"போ, போ. கூட்டிப் பெருக்குறவளுக்கு என் பாடு என்ன தெரியும்?"

வந்ததே கோபம் துடைப்பத்துக்கு! விறுவிறுவென்று மாவுப் பானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. செம்பு பாவம், கண்ணீரும் தண்ணீருமாய் உருண்டு பெஞ்சுக்கு அடியில் ஒதுங்கியது.

கூட்டம் நெரித்தது. தங்கமாரி செம்பைத் தேடினாள், காணோம். துடைப்பத்தைத் தேடினாள், அதுவும் காணோம். "சரி, இன்னைக்கு ஒரு நாள்தானே, பாத்துக்கலாம்" என்று மாவை ஊற்றினாள். தன் காலைச் சாப்பாட்டைப் பற்றியும் அவள் தினம் தினம் சொல்லுகிற வார்த்தை அதுதான். அன்றைக்கும் அரை டம்ளர் டீயோடு வந்து நின்றவள்தான்.

முதல் ஈடு அருமையாக வந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. கல் இட்லிச் சட்டியைப் பார்த்துக் கண்ணடித்தது. "பாத்தியா? எனக்கு எதுக்குத் தண்ணி?"

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஊற்றிய மாவு கல்லில் பரவ மாட்டேன் என்று கரண்டியோடு சுருண்டுகொண்டு வந்தது. ஓரம் கரி, நடுவில் பச்சை மாவு. தோசைத் திருப்பியால் சுரண்டினால் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"என்னம்மா இது, தோசையா கரித்துண்டா?" என்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளினார்.

தங்கமாரி விடாமல் சுரண்டினாள். மணிக்கட்டில் சூடு பட்டது. கண் இருட்டிக்கொண்டு வர, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கல்லு அவ்வளவுதான். நாளைக்கே எடைக்குப் போட்டுரு."

கல்லுக்கு உயிரே போய்விட்டது. உடம்பெல்லாம் எரிச்சல், அதைவிட எரிச்சல் மனசில். இனி என்ன மானம், என்ன மரியாதை!

"செம்பு! தம்பி! எங்கடா இருக்கே?"

"வரவேண்டாம்னியே அண்ணே."

"எம் புத்தி கெட்டுப்போச்சுடா. ஓடிவா. ஒரு வாய் தண்ணி குடு."

செம்புக்கு வெள்ளை மனசு. உருண்டு வந்து தங்கமாரியின் காலில் டங்கென்று இடித்தது. "அடப்பாவி, நீ இங்கேயா கெடக்கே!" என்று எடுத்துக் குடத்திலிருந்து நிறைய மொண்டவள், கல்லுக்குத் தெளிக்கப் போன கையை நிறுத்தினாள். முதலில் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். மடக்மடக்கென்று பாதிச் செம்பு காலி.

"கூட்டம் நிக்குது தங்கமாரி!"

"நிக்கட்டும் அண்ணாச்சி. நானும் ரெண்டு நிமிசம் நிக்கேன்."

அடுப்பைத் தணித்தாள். ஒரு கை தண்ணீர் அள்ளி வீசினாள். சொர்ர்ர்! கடையே திரும்பிப் பார்த்தது. மாவுப் பானைக்குப் பின்னாலிருந்து துடைப்பம் வந்தது. "கூட்டிப் பெருக்குறவ வந்திருக்கேன், தள்ளு" என்று சொல்லிக்கொண்டே கரியையெல்லாம் வழித்துத் தள்ளியது. கல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அத்தனை சுகம்!

அடுத்து ஊற்றிய மாவு வட்டமாக ஓடிப் பரவியது. பொன் நிறத்தில் ஓரம் தானே எழும்பி நின்றது. தட்டைத் தள்ளியவர் மறுபடி தட்டை நீட்டினார். அண்ணாச்சி ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டார். எடைக்குப் போடுகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

புதுக்கடைத் திறப்புவிழா அன்று கண்ணாடி வாசலில் நம்ம கல்தான் உட்கார்ந்திருந்தது. முதல் ஈடு முடிந்து செம்பு பக்கத்தில் வந்ததும் கல் கொஞ்சம் கூசியது. "எல்லாரும் பாக்காங்களேடா."

"பாக்கட்டும் அண்ணே."

சொர்ர்ர்! ஆவி எழும்பிக் கண்ணாடியெல்லாம் பூத்துப்போனது. அப்பா தோளில் உட்கார்ந்திருந்த குட்டிப்பெண் கைதட்டி, "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று கத்தினாள். ரயிலுக்குப் போனவர்கள்கூடச் சத்தம் கேட்டு நின்றார்கள். எந்த மூச்சை ஒளித்துவைக்கப் பார்த்ததோ, அந்த மூச்சுக்குக் கூட்டம் கூடியது. கல்லுக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் நன்றாக ஏறிய நேரத்தில் தங்கமாரி அடுப்பைத் தணித்தாள். தனக்கென்று முறுகலாக ஒரு தோசை எடுத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "என்னம்மா, நாங்க நிக்கோம், நீ சாப்பிடுதே?"

தங்கமாரி வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"உள்ள வந்து உக்காருங்க சார். இது தண்ணி தெளிக்கிற நேரம்."

தங்கமாரி இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றிக்கொண்டாள்.