தாய்மாமனின் டீசல் கார்

கதை சின்னது, வழக்கு பெரியது. கேட்டு முடித்ததும் தீர்ப்பு உங்களுடையது.

காங்கேயத்தில் செங்கோடன் என்று ஒருவர் சிமென்ட் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கடைக்குக் கேட்கும், அவ்வளவு பக்கம். அவருடைய ஒரே தங்கை மரகதத்தைக் கட்டிக்கொடுத்த ஊரோ கரூர் சாலையில், காரில் முக்கால் மணி நேர ஓட்டம்.

கார் வாங்கும் பேச்சு வந்தது. மனைவி சுகந்தி தெளிவாகச் சொன்னாள்: "ஏனுங்க, கடைக்குப் போய்வரப் பெட்ரோல் வண்டியே போதும். சர்வீஸ் செலவும் கம்மி. டீசல் வண்டியில ஒரு சாமான் போச்சுன்னா பர்ஸ் காலி."

"கடைக்கு மட்டுமா வாங்கறேன்? ஞாயிறு தவறாம மரகதத்தைப் பார்க்கப் போறோம். தூர ஓட்டத்துக்கு டீசல்தான். மைலேஜும் வரும், இஞ்சினும் உழைக்கும்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த மரகதம் சிரித்தாள். "அப்ப ஞாயித்துக்கிழமை உங்களுக்கு இங்கதான் சோறுங்கண்ணா. வராட்டி உங்க பங்கை நாய்க்கு வெச்சுடுவேன்."

டீசல் கார் வந்தது. முதல் ஞாயிறு போனார்கள், கறிச்சோறு சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு கடையில் லோடு இறங்கியது. அதற்கடுத்தது ஒரு கல்யாணம். அப்புறம் ஞாயிறு என்றால் தூக்கம் என்றாகிவிட்டது. மரகதத்துக்குப் பெண் குழந்தை பிறந்தபோது ஓர் எட்டு போய் வந்ததோடு சரி. கார் மட்டும் தினமும் கடைக்குப் போய் வந்தது. இஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவார்.

ஒருநாள் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெக்கானிக் பஷீர் பார்த்துவிட்டு, "புகைக்கரி பில்டர்ல அடையுதுங்க. டீசல் வண்டியைக் கிட்டத்துலயே ஓட்டினா இப்படித்தான். வாரம் ஒருதரம் கரூர் ரோட்டுல அரைமணி நேரம் நல்லா மிதிச்சு ஓட்டுங்க, கரி தானா எரிஞ்சு போயிரும்" என்றார்.

செங்கோடன் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. விளக்கு கண்ணை உறுத்தியது. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர், அந்த விளக்கின் மேலேயே ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். "இனி அவர் பார்த்துக்குவார்."

தை மாதம் மரகதத்தின் மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில் காருக்கு மூச்சு வாங்கியது. எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறவில்லை. ஒரு மேட்டில் நின்றேவிட்டது. பஷீரை வரவழைத்துப் பார்த்தும் பலனில்லை. கடைசியில், தேங்காய் ஏற்றிப்போன ஒரு மினி லாரியில் தட்டுகளோடு தொற்றிக்கொண்டு போனார்கள்.

கோயிலில் முகூர்த்தம் முடிந்திருந்தது. மரகதத்தின் பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்து, அழுது ஓய்ந்து, புதுத் தோட்டோடு பொரி தின்றுகொண்டிருந்தது குழந்தை. செங்கோடன் கை நீட்டினார். யாரென்று தெரியாமல் அது அம்மாவிடம் தாவி, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மரகதம் திட்டவில்லை. "சாப்பிட்டுப் போங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பி வந்து, நின்றுபோன காருக்குப் பக்கத்தில், அங்கேயே காத்திருந்த பஷீரையும் சேர்த்து மூவரும் வழக்காடினார்கள்.

"நான் அன்னிக்கே பெட்ரோல் வண்டி வாங்கச் சொன்னேன்" என்றாள் சுகந்தி.

"டீசல்ல தப்பில்லைங்கக்கா. விளக்கை மறைச்சதுதான் தப்பு" என்றார் பஷீர்.

"வண்டியே ராசியில்லாத வண்டி. நேரம் பார்த்துக் காலை வாரிருச்சு" என்றார் செங்கோடன்.

இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: வண்டி ஓடிய ஓட்டத்துக்குச் சுகந்தி சொன்னது சரி. கொடுத்த வாக்குக்கோ டீசல்தான் பொருத்தம். பஷீர் சொன்னதும் மெய்தான், ஆனால் விளக்கு எரிவதற்கு முன்பே தப்பு தொடங்கிவிட்டது. வண்டி மேல் குற்றமே இல்லை. கரி எரிய அரைமணி ஓட்டம் எந்தச் சாலையில் வேண்டும் என்றார் பஷீர்? மரகதம் வீட்டுச் சாலையில். ஞாயிறுதோறும் சோறு தின்னவாவது போயிருந்தால் பில்டரும் அடைத்திருக்காது, குழந்தைக்கும் மாமன் மடி தெரிந்திருக்கும். பில்டரைக் காசு கொடுத்து மாற்றியாயிற்று. இப்போது ஞாயிறுதோறும் அந்தக் கார் கரூர் சாலையில்தான் ஓடுகிறது. சோறு கிடைக்கிறது. குழந்தைதான் இன்னும் அவர் மடிக்கு வரவில்லை.