பள்ளம் வைத்த சோப்பு

அன்று காலையிலிருந்தே அர்த்தநாரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டே நாள். பழனிக்கு நடந்து போகிறவர்கள் அமராவதியில் இறங்கிக் குளித்துவிட்டுப் போகிற நேரம். படித்துறைக்கு மேலே குரு நாச்சம்மையின் மடம். மடத்துச் சோப்பு அந்தப் பாதையில் பேர்போனது. தேங்காயெண்ணெய், புங்க எண்ணெய், வேப்பெண்ணெய் மூன்றும் சேர்த்துச் செய்கிற பச்சைச் சோப்பு. அது விற்கிற காசில்தான் மடத்து வாசலில் தினமும் அறுபது பேருக்கு மதியக் கஞ்சி.

இந்த வருடம் எண்ணெய் விலை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. இருக்கிற அரிசி பங்குனி வரைக்கும் தாங்கும். அதற்கப்புறம் அடுப்பு எரியாது. ஏதாவது வழி பாருங்கள் என்று குரு கார்த்திகையிலேயே சொல்லியிருந்தார். அர்த்தநாரி பார்த்துவிட்டார்.

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. மடத்துக்கு வருமுன் அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலையில் இருந்தவர். சீடர் அர்த்தநாரிக்கு ஐம்பத்தாறு. அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணா என்பார். அதில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லை.

துண்டில் பொதிந்து கொண்டுவந்த புதுச் சோப்பை குருவின் முன்னால் வைத்தார் அர்த்தநாரி.

சோப்பு பார்க்க லட்சணமாக இருந்தது. பழையதைவிட அரை விரல் நீளம் அதிகம். ஓரங்கள் உருண்டு, முதுகிலும் வயிற்றிலும் நடுவில் ஒரு பள்ளம்.

பள்ளம் எதற்கு என்று கேட்டார் குரு.

"வழுக்காம இருக்கங்கம்மா. விரல் நல்லாப் பதியும். உறையிலயும் அப்படித்தான் போடப்போறோம்."

"நெசமா எதுக்குங்ண்ணா?"

அர்த்தநாரி சிரித்துவிட்டார். மாட்டிக்கொண்டவன் சிரிப்பில்லை அது. வித்தை காட்டுகிறவன் கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. மளமளவென்று கொட்டினார். பழைய சோப்பு நூறு கிராம், இது எழுபத்தெட்டு. ஆனால் கண்ணுக்கு இதுதான் பெரிசு. எண்ணெயில் கால் பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் மலிவான மாக்கல் மாவு கலந்திருக்கிறார். விலை ஐந்து ரூபாய் கூட. யாராவது கேட்டால் புது மாடல் என்று சொல்லிக்கொள்ளலாம். மார்கழிக்கு முன்னாலேயே ஓர் அச்சு செய்து இருநூறு சோப்பு ஊற்றிக் காயவைத்தும் ஆகிவிட்டது. இன்றைக்கு அது போணியானால் பங்குனி உத்திரத்துக்கு நாலாயிரம். இன்னும் பன்னிரண்டு அச்சுக்கு முன்பணம் வாங்க லேத்துப் பட்டறை ஜமால் பாய் மத்தியானம் வருகிறார். அம்மா சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வருடம் முழுக்கக் கஞ்சிக்குக் கவலையில்லை.

"ஒருத்தருக்கும் தெரியாதுங்கம்மா. இது என்ற தொழில்."

தொழில்தான். கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருடம் அவர் பார்த்தது இதே வேலை. டப்பாவின் அடியைக் கொஞ்சம் மேலே தூக்குவது. பொட்டலத்தில் காற்றடைத்து உப்பவைப்பது. பல்பசை டியூபின் வாயை அகலமாக்குவது. ஒரு தைல பாட்டிலின் அடியில் குமிழ் வைத்து வரைந்ததற்கு அந்த வருடம் அவருக்குச் சம்பளம் உயர்ந்தது. ஒரு நாள் வீட்டில் மனைவி தலைவலியோடு உட்கார்ந்து அதே பாட்டிலைக் கொண்டை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா வரமாட்டேங்குது என்றார். அர்த்தநாரி பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காபியை அவர் முடிக்கவில்லை.

மனைவி காலமான பிறகு மடத்துக்கு வந்தார். வந்த அன்றைக்கே குருவிடம் கேட்டார்: சாமான் சிறுத்துக்கிட்டே போகுது, விலை ஏறிக்கிட்டே போகுது, இது எங்கே போயி நிக்கும்? குரு எண்ணெய் கிண்டுகிற துடுப்பைக் கையில் கொடுத்தார். நாலு வருடம் கிண்டியாயிற்று. கை பழசை மறக்கவில்லை. அங்கே செய்தது முதலாளிக்கு, இங்கே செய்வது பசித்தவர்களுக்கு, இரண்டும் ஒன்றாகுமா என்பது அவருடைய நியாயம். ராத்திரிகளில் அந்த நியாயத்தை அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார்.

குரு சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"இன்னைக்குப் பாதம் கழுவறது நீங்க. இதுலயே கழுவுங்க."

அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். நடந்து வருகிறவர்களைப் படித்துறையில் உட்காரவைத்து, சீடர்களில் ஒருவர் மடத்துச் சோப்பால் அவர்கள் பாதத்தைக் கழுவிவிடுவார். அதற்கப்புறம்தான் சோப்பு விற்பனை. அர்த்தநாரி எப்போதும் சோப்புக் கொட்டகையிலேயே இருந்துகொள்வார். இருபத்தேழு வருடமும் அவர் வரைந்த டப்பாவை வாங்கிய கை எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. பாதத்தையா பார்த்திருக்கப் போகிறார்?

படித்துறை திருவிழாவாகக் கிடந்தது. காவடிகள் கரையில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மேளக்காரர்கள் தண்ணீருக்குள் நின்றுகொண்டே அடித்தார்கள். அரோகராச் சத்தம் பாலத்தில் மோதித் திரும்பி வந்தது. அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் பவானிப் பக்கத்துக்காரர். குதிகாலில் பெரிய கொப்புளம் உடைந்திருந்தது. சோப்பு பட்டதும் பல்லைக் கடித்துக் காற்றை உறிஞ்சினார். எண்ணெய் குறைந்த சோப்பில் காரம் தூக்கலாக நிற்கும். அர்த்தநாரிக்கு அது தெரியும்.

"எரியுதுங்களா?"

"லேசா. பரவால்லீங் சாமி, இப்ப எந்தச் சோப்பு எரியாம இருக்குது?"

அவர் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து ஒரு புருசன் பெண்டாட்டி. அவள் சோப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதுவும் உங்களாட்டமே வயிறு ஒட்டிக் கெடக்குது என்று புருசனிடம் சொன்னாள். அவன், விலைவாசி அப்படி, சோப்பே பட்டினி கெடக்குது என்றான். இருவரும் சிரித்தார்கள். இரண்டு வாங்கினார்கள். மூன்றாவது ஆள் எடையைக் கையாலேயே தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காசை நீட்டினார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எரிச்சலில் கண்ணில் நீர் வர, எல்லாம் இப்படித்தானே ஆகிப்போச்சு என்று அர்த்தநாரிக்கே ஆறுதல் சொன்னார்.

பதினொரு மணிக்குள் நூற்றறுபது சோப்பு போய்விட்டது. ஒருத்தர்கூட ஏனென்று கேட்கவில்லை. அர்த்தநாரிக்கு நெஞ்சு விம்மியது. நாலாயிரம் என்ன, ஆறாயிரம் போடலாம்.

அப்போதுதான் மயிலாத்தாள் வந்து உட்கார்ந்தாள். சென்னிமலையில் தறியில் வேலை பார்க்கிறவள், வருடம் தவறாமல் நடக்கிறவள். வலது காலைக் கழுவி முடித்திருப்பார். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"நிறுத்து. என்னத்தப் போட்டுத் தேய்க்கற? மொளகாத்தூளா?"

அர்த்தநாரி புது மாடல் என்றார். அவள் சோப்பைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"போன வருசம் உள்ளங்கைய ரொப்புச்சு. இப்ப நடுவால எலி தின்ன மாதர இருக்குது. அஞ்சு ரூவா வேற சாஸ்தி. ஏன் சாமி, மடத்துலயுமா?"

சோப்பை அவர் மடியில் போட்டுவிட்டு, ஒரு கால் கழுவியும் ஒரு கால் கழுவாமலும் படியேறிப் போனாள்.

மத்தியானம் அர்த்தநாரி மடத்துக்கு ஓடினார். ஜமால் பாய் வேப்பமரத்தடியில் மொபெட்டை நிறுத்திவிட்டு வரைபடச் சுருளோடு உட்கார்ந்திருந்தார். குரு ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

நூற்றறுபது போச்சுங்கம்மா என்று மூச்சு வாங்கச் சொன்னார் அர்த்தநாரி. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எரிந்தபோதும் பொறுத்துக்கொண்டார்கள், இப்ப எல்லாம் இப்படித்தான் என்று அவர்களாகவே சொல்லிவிட்டார்கள் என்றார்.

குருவின் முகம் விழுந்துவிட்டது. கட்டுத் துணியை முடிந்துகொண்டே, "ஒருத்தர் கூடவா?" என்றார்.

"ஒரே ஒரு பொம்பளைங்க. வாய் சாஸ்தி. ஒத்தக் கால் கழுவுனதோட சோப்பை என்ற மடியில வீசிட்டுப் போயிட்டா. மடத்துலயுமான்னு கேக்கறா."

"அப்படியா கேட்டாங்க?"

குரு எழுந்தே விட்டார். நாலு வருடத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு பரபரப்பை அர்த்தநாரி பார்த்ததில்லை.

"எந்தப் பக்கம் போனாங்க? எவ்வளவு நேரம் இருக்கும்?"

"பழனி ரோட்டுலதான் போயிருப்பாங்க. ஒரு மணி நேரம் இருக்குங்க. எதுக்குங்கம்மா?"

குரு அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். ஜமால் பாய் எழுந்து, அம்மா, அச்சுக்கு என்ன சொல்றீங்க என்று கூப்பிட்டார்.

"இருங்க பாய். அளவு சொல்றவங்க போயிட்டிருக்காங்க. கேட்டுட்டு வந்துர்றோம்."

இருவரும் ஓடினார்கள். குருவின் ஒரு செருப்பு வாய்க்கால் மேட்டில் அறுந்தது; இன்னொன்றையும் அங்கேயே கழற்றிப் போட்டார். காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து, மேளத்துக்கு நடுவே குனிந்து, ஒற்றைக் கால் மட்டும் வெளுப்பா ஒரு அக்கா போனாங்களா என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். அந்தா போறாங்க, இந்தா போறாங்க என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள்.

அர்த்தநாரிக்கு விலா பிடித்துக்கொண்டது. "எதுக்குங்கம்மா ஓடறோம்?"

"அத்தனை பேரும் இவங்களும் இவ்வளவுதான்னு நம்மளை விட்டுட்டாங்கண்ணா. இவங்க ஒருத்தங்கதான் இன்னும் விடலை."

அதற்கப்புறம் அர்த்தநாரி குருவுக்கு முன்னால் ஓடினார்.

நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பதைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன சாமி, பேசுனதுக்குப் பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டியாந்தியா?"

"இல்லீங்கக்கா," என்றார் குரு. "பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க. மிச்சத்தையும் சொல்லுங்க. இவரு கேக்கோணும்."

மயிலாத்தாள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். கேலி இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள். அப்புறம் நிறுத்தவில்லை. மூன்றாம் நாளே ஈர்க்கு உதிர்கிற விளக்குமாறு. தூக்கும்போதே காது கழன்று வருகிற பக்கெட். ஒரு துவைப்புக்கு மேல் சாயம் நிற்காத பாவாடை. விலை மட்டும் வாரா வாரம் ஏறும். கடைக்காரனைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்கிறான். கம்பெனி எங்கே இருக்கிறது, யாரைப் போய்க் கேட்பது? கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கேட்பதையே விட்டுவிட்டாள். மடத்துச் சோப்பு ஒன்றைத்தான் மோந்து பார்க்காமல், எடை பார்க்காமல் வாங்கிக்கொண்டிருந்தாள். அதிலேயும் பள்ளம்.

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"அந்தக் கம்பெனிக்காரன் நாந்தானுங்க. இருபத்தேழு வருசம்."

மயிலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை வருடம் தேடின ஆள் இப்படியா இருப்பான் என்கிற பார்வை.

அவர் எண்ணெய் விலையைச் சொன்னார். கஞ்சியைச் சொன்னார். பழைய சோப்பைப் பழையபடி செய்தால் என்ன விலை வரும் என்பதையும் சொன்னார். இந்தத் தடவை குரல் இறங்கித்தான் வந்தது.

"இதைப் படித்துறையிலயே சொல்றதுக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாள் மயிலாத்தாள். "வெலையச் சொல்லு. வாங்கறதும் வாங்காததும் எங்க பாடு. எனக்குக் கட்டாது, ஒண்ணு வாங்கி நானும் என்ற நாத்தனாரும் அறுத்துக்குவோம். எங்க பாதி எங்களுக்குத் தெரியும்ல."

அவளுடைய கழுவாத காலில் புழுதி அப்பியிருந்தது. அர்த்தநாரி பந்தலில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி வந்து, மண்ணில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சோப்பு இல்லை. வெறும் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் கழுவினார். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கழுவிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"அந்த வெலைக்கு யாருமே வாங்கலைன்னா, பங்குனிக்கு மேல கஞ்சி தண்ணியாத்தாங்கம்மா போகும். அப்ப என்ன பண்றது?"

"தண்ணின்னு சொல்லி ஊத்துவோங்ண்ணா," என்றார் குரு.