பச்சையம்மாவின் போட்டோ

ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச்சேர்ந்த அம்மாவுக்கு எங்கே போய்ப் போட்டோ தேடுவது, சொல்லுங்கள்?

கல்லூரியின் ஜெர்மன் துறையில் பச்சையம்மா முப்பது வருஷம் பெருக்கினாள். இப்போது அவள் மகள் சம்பூர்ணம் பெருக்குகிறாள். துறையின் பொன்விழா மலரில் அம்மா பேரையும் போடச் சொல்லி, புதிதாக வந்த துறைத் தலைவர் சபேசனிடம் கேட்டாள்.

"போட்டோ இல்லாம பேர் கிடையாது. எனக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். நாளைக்குள்ள கொண்டா, இல்லைன்னா விடு" என்றார் அவர்.

மறுநாள் சம்பூர்ணம் தன் அக்காவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு அவர் வகுப்பு வாசலில் நின்றாள். கரும்பலகையில் 'வாட்டர்', 'வாஸர்', 'வாட்டென்' என்று தண்ணீருக்கு ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் என மூன்று மொழிச் சொற்கள். அவற்றுக்கு மேலே, நட்சத்திரம் போட்டு '*வட்டோர்' என்று ஒன்று.

"மேல இருக்கிறதை எந்த ஏட்டுல பார்த்தீங்க ஐயா?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

"எதுலயும் இல்ல. கீழ இருக்கிற மூணும் அதோட பிள்ளைங்க. மூணையும் ஒப்பிட்டுத்தான் தாயைக் கண்டுபிடிச்சோம். எழுத்துல கிடைக்காததுக்கு அந்த நட்சத்திரம்" என்றார் பெருமையாக.

"அப்போ எங்களையும் ஒப்பிட்டுப் பாருங்க. மூணு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே கன்னக்குழி. அம்மா பேருக்கும் ஒரு நட்சத்திரம் போட்டுடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சபேசன் சாக்பீஸைக் கீழே வைத்தார். மலருக்குப் படமெடுக்க வந்தவரைக் கூப்பிட்டார். மூவரையும் சன்னல் வெளிச்சத்தில் தானே நிறுத்தினார்.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். "உங்க அம்மாவை நானும் ஒரு தடவை பார்த்துக்கிறேன்."