கருப்பட்டி வழக்கும் மூன்று பன்னாட்டு வக்கீல்களும்

சங்குமுனை என்ற துறைமுக ஊரில் மூன்று வக்கீல்கள் ஒரே அலுவலகத்தில் தொழில் செய்தார்கள். மூவரில் மூத்தவர் அருமைநாயகம். மற்ற இருவர் இசக்கியப்பன், தவசிமுத்து. மூன்று பேருக்கும் சேர்த்து அதுவரை ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை.

அந்த வருஷம் அருமைநாயகம் பெரிய நகரத்தில் நடந்த ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு, ஒரு துணிப்பையும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு திரும்பினார். சட்டத் தொழில் இனி உலகத் தொழில் என்று அங்கே சொன்னார்களாம். "உலகத்தின் எந்தத் திசையிலிருந்தும் கட்சிக்காரர் உங்களிடம் வர வழி இருக்கவேண்டும்" என்று ஒருவர் அழுத்தமாகப் பேசினாராம்.

அலுவலகத்துக்கு வடக்குப் பக்கம் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அருமைநாயகம் மறுநாளே கொத்தனாரை அழைத்து மற்ற மூன்று சுவர்களிலும் வாசல் வைத்தார். பெயர்ப்பலகையில் 'பன்னாட்டு' என்ற சொல்லையும் சேர்த்தார். இப்போது நாலு பக்கமும் காற்று வந்தது. வழக்குக் காகிதங்கள் நாலு பக்கமும் பறந்தன.

பலகையைப் பார்த்து முதலில் உள்ளே வந்தவர் ஜெயசீலி. முப்பது பெண்களை வைத்துக் கருப்பட்டி காய்ச்சி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, ஒரு கன்டெய்னர் கருப்பட்டி நம்ம துறைமுகத்துலயே நிக்குது. வாங்குறேன்னு சொன்ன வெளிநாட்டுக் கம்பெனி, சரக்கு சரியில்லைன்னுட்டான். சரி, வேற ஆளுக்குக் குடுக்கலாம்னா, அதுக்கும் தடை வாங்கி வச்சிருக்கான். ஐப்பசி மழை ஆரம்பிச்சா கருப்பட்டி கசிஞ்சு பாகா ஓடிரும். முப்பது வீட்டு உழைப்பு அண்ணாச்சி."

"கவலைப்படாதே. எந்தக் கோர்ட்டு?"

"கோர்ட்டு இல்லை. ஜெனீவாவுல ஒரு அம்மா, சிங்கப்பூர்ல ஒருத்தர், நைரோபியில ஒருத்தர். மூணு பேரும் நடுவருங்க. எல்லாம் கம்ப்யூட்டர்லயே விசாரிப்பாங்களாம்."

அருமைநாயகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு வாசல் வைத்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் நடுவர்களிடமிருந்து விதிமுறைகள் வந்தன. முதல் விதி: 'விசாரணை ஜெனீவா நேரப்படி காலை பத்து மணிக்கு. வழக்கறிஞர்கள் மூன்று நகரங்களின் நேரத்தையும் கடைப்பிடிக்கவேண்டும்.'

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"ஒரு ஆள் மூணு நேரத்தைக் கடைப்பிடிக்க முடியாது" என்றார் தவசிமுத்து.

"நாம மூணு பேர் இருக்கோமே வே" என்றார் அருமைநாயகம்.

இவ்வளவு எளிதாக ஒரு பன்னாட்டுச் சிக்கல் தீருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்றே மூன்று கடிகாரங்கள் வந்தன. அருமைநாயகம் ஜெனீவா நேரத்தை எடுத்துக்கொண்டார். இசக்கியப்பனுக்குச் சிங்கப்பூர், தவசிமுத்துவுக்கு நைரோபி.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜெயசீலி வந்தபோது இசக்கியப்பன் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். தவசிமுத்து காலை இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அருமைநாயகம் நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் கேக்கணும்."

"வக்கீல் இன்னும் வரலையேம்மா" என்றார் அருமைநாயகம். "மணி ஏழரைதானே ஆகுது? ஒன்பது மணிக்கு வருவார். உக்காரு."

"நீங்கதானே அண்ணாச்சி வக்கீல்?"

"ஒன்பது மணிக்கு" என்றார் அவர் கனிவாக.

இரண்டாவது விதி புதுக்காலத்து விதி. 'பதில் மனுவைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருந்தால், ஒரு மனிதர் அதை முழுவதும் படித்துச் சான்று தரவேண்டும்.'

பயிலரங்கில் அந்தத் துணிப்பையோடு கொடுத்த மென்பொருள் ஒன்று அவர்களிடம் இருந்தது. தேநீர் ஆறுவதற்குள் அது நாற்பது பக்கத்தில் பதில் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டது. அருமைநாயகம் படிக்க உட்கார்ந்தார். இசக்கியப்பன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"வே, ஒரு மனிதர்னுதான் போட்டிருக்கு. நீரும் படிச்சா ரெண்டாயிரும். கண்ணை மூடும்."

இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். தவசிமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே போய் நின்றார்.

ஒன்பதாம் பக்கத்தில் அருமைநாயகம் நிறுத்தினார். "இதுல ஒரு தீர்ப்பைக் காட்டியிருக்கு. ரொம்ப நல்ல தீர்ப்பு. ஆனா வருஷம் 2031-ன்னு இருக்கு."

"தப்பா எழுதியிருக்குமோ?" என்றார் இசக்கியப்பன், கண்ணைத் திறக்காமல்.

"மிஷின் எப்படி வே தப்பு எழுதும்?"

இரண்டு நாள் எல்லாப் புத்தகங்களிலும் தேடினார்கள். தீர்ப்பு கிடைக்கவில்லை. கடைசியில் தவசிமுத்துதான் கண்டுபிடித்தார். "எப்படிக் கிடைக்கும்? இன்னும் வரலையே! மிஷின் முன்கூட்டியே பார்த்திருக்கு. வருங்காலத்தைப் பார்க்கணும்னு உங்க பயிலரங்குல சொன்னாங்களா இல்லையா?"

அருமைநாயகம் எதையும் மறைத்து வைக்கிற ஆள் இல்லை. சான்றிதழில் தெளிவாக எழுதினார்: 'மனுவை ஒரே ஒரு மனிதர் முழுவதும் படித்தார். ஒன்பதாம் பக்கத் தீர்ப்பைத் தேடிப் பார்த்தோம். இல்லை. 2031-ல் வரும் என்று நம்புகிறோம்.'

விசாரணை நாளும் வந்தது. காலை பதினொன்றரை மணிக்கு அருமைநாயகம் இசக்கியப்பனைக் கவலையோடு பார்த்தார். "வே, நம்ம ஊர்ல மத்தியானம் ஒன்றரைக்கு விசாரணை. உம்ம கடிகாரத்துல ரெண்டு மணி ஆயிட்டுதே. என்ன ஆச்சு?"

"ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆயிருக்கணும்."

"எப்படிப் போகுது?"

"எனக்கு யாரும் சொல்லலை அண்ணாச்சி."

"சாதகமா போனா சொல்லியிருப்பாங்களே" என்றார் தவசிமுத்து. மூவரும் சோர்ந்துபோனார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து வைத்தபோது ஜெயசீலி உள்ளே வந்தார். விசாரணைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருப்பதாக அவர்தான் சொன்னார். அவரிடம் இருந்தது சங்குமுனைக் கடிகாரம்.

சாட்சி சொல்லவேண்டியவர் ஜெயசீலி. விதிமுறையில் இப்படி இருந்தது: 'சாட்சி அறையில் தனியாக இருக்கவேண்டும். வேறு எவரும் இல்லை என்பதை அவருடைய வழக்கறிஞர்கள் நேரில் உறுதி செய்யவேண்டும்.'

பக்கத்து அறையின் சுவரில் இருந்த நாட்காட்டியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியையும் கழற்றினார்கள், அதில் இன்னொரு ஜெயசீலி தெரிந்தபடியால். பிறகு மூவரும் அவரைச் சுற்றி வரிசையாக நின்றார்கள்.

திரையில் நடுவர்கள் தோன்றினார்கள். தலைமை நடுவரான ஜெனீவா அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்: "சாட்சியோடு அறையில் யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை மேடம்" என்றார் அருமைநாயகம்.

"உங்களைப் பார்க்கிறேனே?"

"யாரும் இல்லை என்பதை உறுதி செய்ய நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம் மேடம்."

நைரோபி நடுவர் தண்ணீர் குடித்தார். "சாட்சி பேசும்போது வெளியே இருங்கள்" என்றார் அம்மையார்.

அருமைநாயகம் வெளியே போனார். ஆனால் வாதாடவேண்டுமே? கட்டிடத்தைச் சுற்றிப் போய், ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு கருப்பு அங்கியோடு நின்றார். ஜெயசீலியின் தலைக்குப் பின்னால் திரையில் அவர் முகம் கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது. சிறையிலிருந்து யாரோ வாதாடுகிறார் என்று சிங்கப்பூர் நடுவர் எண்ணி, அவருக்கு வசதிகள் போதுமா என்று அன்போடு விசாரித்தார்.

அடுத்து ஆவணங்கள். இதற்கும் விதி இருந்தது: 'தரவுப் பாதுகாப்புக் கருதி அசல் ஆவணங்கள் சொந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஆனால் நடுவர்கள் முன் காட்டப்படவேண்டும்.'

தவசிமுத்து சாட்சியின் அறைக்குள் வந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கேமரா முன் பிடிக்கத் தொடங்கினார். பக்கம் அசையாமலிருக்க மூச்சையும் அடக்கிக்கொண்டார். ஏழாம் பக்கத்தில் அவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"போதும், போதும்! ஆவணங்கள் அனைத்தையும் ஏற்கிறோம்" என்றார் அம்மையார்.

எதிர்த்தரப்பு வக்கீல் பதறினார். அவருடைய நிறுவனத்தில் நானூறு வக்கீல்கள். "நாங்கள் இன்னும் அவற்றைப் பார்க்கவில்லை!"

"பார்க்க விரும்பினால், அவர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்" என்றார் அம்மையார்.

எதிர்த்தரப்பு வக்கீல் விருப்பத்தை விலக்கிக்கொண்டார்.

பிறகு வாதம். எதிர்த்தரப்பு வக்கீல் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு தீர்ப்பைக் காட்டி அரைமணி நேரம் விளாசினார். அந்தத் தீர்ப்பைத் தங்கள் நிறுவனத்தின் மூன்று வக்கீல்கள் வரிக்குவரி படித்துச் சான்று கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

கம்பிக்கு வெளியே நின்ற அருமைநாயகம் காதைத் தீட்டிக்கொண்டார். அதே பெயர், அதே பக்க எண்! அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மேடம், அவர்களிடமும் அதே மிஷின்தான் இருக்கிறது! எங்கள் ஒன்பதாம் பக்கத்தில் உள்ள தீர்ப்பு அது. ஆனால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும்."

அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். "2031-ல் வரப்போகும் தீர்ப்பை உங்களுடைய மூன்று பேரும் வரிக்குவரி படித்தார்களா?"

எதிர்த்தரப்பு வக்கீலின் படம் திரையிலிருந்து மறைந்தது. இணைய இணைப்பு போய்விட்டது என்று பிறகு கடிதம் எழுதினார்களாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆணை வந்தது. 'சங்குமுனை வழக்கறிஞர்களின் நேர்மையை இந்தத் தீர்ப்பாயம் பாராட்டுகிறது. தடை நீக்கப்படுகிறது. ஆணையின் அசலை இன்று மாலை ஐந்து மணிக்குள் துறைமுகத்தில் காட்டி, சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.'

ஜெயசீலிக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வானம் கறுத்திருந்தது. "சீக்கிரம் பிரிண்ட் எடுங்க அண்ணாச்சி, ஓடிரலாம்."

"பிரிண்ட் எடுத்தா அது நகல்" என்றார் அருமைநாயகம். "அசல் இதுல இருக்கு." அவர் விரல் கணினித் திரையைக் காட்டியது.

"திரையை அணைச்சா ஆணையும் அணைஞ்சிருமே" என்றார் இசக்கியப்பன்.

"அணைக்காமலே கொண்டுபோவோம்."

ஜெயசீலி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வாதாட நேரமில்லை. ஒரு ஆட்டோ வந்தது. மின்சாரம் போனாலும் கணினியை ஓட வைக்கும் பேட்டரிப் பெட்டியை இசக்கியப்பன் இடுப்பில் தூக்கிக்கொண்டார். அது வழியெல்லாம் கீச்கீச்சென்று கத்தியது. அருமைநாயகம் திரையைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டார். கணினிப் பெட்டி டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்தது. திரை தானாகத் தூங்கிவிடக்கூடாது என்று தவசிமுத்து மவுஸைத் தொடையில் வைத்துத் துறைமுகம் வரைக்கும் தேய்த்துக்கொண்டே வந்தார். முதல் மழைத்துளி விழுந்தபோது அருமைநாயகம் தம் அங்கியைக் கழற்றி ஆணைக்குப் போர்த்தினார்.

துறைமுக அலுவலகத்தில் பொன்னுலிங்கம் என்ற அதிகாரி இருந்தார். மணி நாலே முக்கால்.

"அசல் எங்கே?" என்றார்.

திரையை மேசைமேல் வைத்தார்கள். பேட்டரிப் பெட்டி கத்தியது. பொன்னுலிங்கம் ஆணையை ஒரு தடவை மேலிருந்து கீழும், இன்னொரு தடவை கீழிருந்து மேலும் பார்த்தார். முப்பது வருஷச் சர்வீஸில் அசலை அசலாகவே கொண்டுவந்தவர்களை அவர் பார்த்ததில்லை.

"எல்லாரும் நகலைக் கொண்டுவந்து உயிரை வாங்குறாங்க. நீங்கதான் முறையா வந்திருக்கீங்க" என்று மனம்விட்டுப் பாராட்டினார். பிறகு முத்திரையை எடுத்து, ஊதா மையில் நன்றாக அழுத்தி, திரையின் கீழ்மூலையில் ஓங்கிக் குத்தினார்.

'சரிபார்க்கப்பட்டது. விடுவிக்கலாம்.'

ஐந்து மணிக்குக் கன்டெய்னர் வெளியே வந்தது. கருப்பட்டி ஒரு துளிகூடக் கசியாமல் புது ஆளிடம் போய்ச் சேர்ந்தது. ஜெயசீலி மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஓலைப்பெட்டி கருப்பட்டி கொடுத்தார். மூன்று பேரும் அதை அவரவர் நேரப்படி சாப்பிட்டார்கள்.

அந்த முத்திரையின் மை அழிக்கமுடியாத மை. ஒரு மாதம் கழித்து நானூறு வக்கீல்களிடமிருந்து காரசாரமான கடிதம் ஒன்று வந்தது. சரக்கை உடனே திரும்ப நிறுத்தவேண்டும், தடையை மறுபடி போடவேண்டும், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று பதினாறு பக்கம்.

அருமைநாயகம் அதைத் திரையில் திறந்து நிதானமாகப் படித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதே ஊதா எழுத்தில் 'சரிபார்க்கப்பட்டது. விடுவிக்கலாம்' என்று இருந்தது.

"பாவம் வே, மேல எவ்வளவு கோபமா எழுதினாலும் முடிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார்.

மூவரும் சேர்ந்து அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை திரையில் திறந்து பார்த்தார்கள். அதிலும் துறைமுக முத்திரை இருந்தது.

"நாம எழுதி முடிக்கிறதுக்குள்ள பொன்னுலிங்கம் சார் எப்போ வந்து குத்திட்டுப் போனாரு?" என்றார் தவசிமுத்து.

"நாலு வாசல் இருக்குல்லா" என்றார் அருமைநாயகம்.