பிழை திருத்தாத டீச்சர்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு எழுபத்திரண்டு.

குருவின் பெயர் வைரமணி. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். சீடர் ரெமெடியோஸ் சிஸ்டர், ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரி. இருபத்துநான்கு வயதில் இந்தப் பக்கம் வந்து, மடத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தே தலை நரைத்தவர். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பிரசவ வலியில் கத்திய பெண்கள். அதனால் அவர் தமிழில் இலக்கணம் கொஞ்சம் குறைவு, வசவு கொஞ்சம் அதிகம். இங்கிலீஷ் மட்டும் வரவே இல்லை. குழந்தை பிறப்பதற்கு அது தேவைப்படவும் இல்லை.

முதல் நாள் படியேறி வந்து மூச்சு வாங்கியவருக்கு டீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

“இந்த வயசுல இங்கிலீஷ் எதுக்கு சிஸ்டர்?”

“மொரீனோட பேசணும்.”

டீச்சருக்கு அந்தப் பெயர் தெரியும். அயர்லாந்திலிருந்து வந்து மடத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவர் மொரீன் சிஸ்டர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை வைரமணி அவரிடம்தான் படித்தார்.

“நீங்க ரெண்டு பேரும் தமிழ்லதானே பேசுவீங்க?”

“முப்பது வருசம் தமிழ்லதான் பேசுனோம். அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. சண்டை போட்டதும் தமிழ்லதான். இப்ப அவளுக்குத் தமிழ் மறந்துபோச்சாம். ஒவ்வொண்ணா எல்லாமே மறந்துக்கிட்டு வருதாம். சின்ன வயசுல பேசுன இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு அவ அண்ணன் மக எழுதியிருக்கா. அதுவும் எத்தனை நாளைக்கோ.”

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பதினோரு வருசம் முன்னாடி அவளை ஊருக்குத் திரும்பி வரச் சொல்லிட்டாங்க. ஒரு மாசம் எங்கிட்ட சொல்லாம மறைச்சுட்டா. எனக்குக் கோவம். பேச்சை நிறுத்திட்டேன். வேன் வந்தப்ப மடமே வாசல்ல நின்னுச்சு. நான் மட்டும் போகல.”

“பிரசவம் இருந்ததா சிஸ்டர்?”

“ஒண்ணும் இல்ல. உள்ள உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டுக் கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தார்.

“அவளுக்கு என் முகம் மறந்துபோறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேக்கணும், டீச்சர். அவளுக்குப் புரியிற பாஷையில கேக்கணும்.”

அன்றே பாடம் தொடங்கியது.

வைரமணி டீச்சர் கண்டிப்பானவர். ஒரு பிழையையும் விடமாட்டார்; மொரீன் சிஸ்டரிடம் படித்து வந்த பழக்கம். கல்லூரிப் பையன்களே அவரிடம் நடுங்குவார்கள். எழுபத்திரண்டு வயது என்று சிஸ்டருக்குச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் ஒரு நோட்டு முழுக்கச் சிவப்பு மை.

“காத்திருக்கிறது, எதிர்பாக்கிறது, நம்பிக்கையோட இருக்கிறது. எங்க ஊர்ல மூணுக்கும் ஒரே வார்த்தை டீச்சர். இங்க மூணு வச்சிருக்கான். நான் எதை எடுத்தாலும் தப்பாத்தான் எடுக்கிறேன்.”

“பழகிடும்.”

“செய்யிறதுக்கு ரெண்டு. சொல்றதுக்கு ரெண்டு. மன்னிப்புக்கு எத்தனை?”

“நாலஞ்சு இருக்கு.”

“கர்த்தரே! காலை மிதிச்சா ஒண்ணு, மனசை மிதிச்சா இன்னொண்ணா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“மனசை மிதிச்சதுக்கு உள்ளது எது?”

டீச்சர் எழுதிக் காட்டினார். சிஸ்டர் அதை நோட்டில் பத்து முறை எழுதினார். பிறகு பதினோரு வரியில் ஒரு பேச்சைத் தயார் செய்து, நான்கு முறை திருத்தி வாங்கி, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஜெபம் போல முணுமுணுத்தார்.

ஒரு வியாழக்கிழமை, மாலை நாலரை மணிக்குப் பேசுவது என்று ஏற்பாடு. அங்கே அப்போது காலை பதினோரு மணி. மொரீனுக்குத் தெளிவு இருக்கும் நேரம் அதுதானாம். அவருடைய அண்ணன் மகள் வீடியோவில் கூப்பிடுவாள்.

நாலு இருபத்தைந்துக்கு டீச்சர் கையை நீட்டினார்.

“நோட்டை இப்படிக் குடுங்க.”

சிஸ்டர் கொடுத்தார். டீச்சர் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“அடிப்பாவி!” என்றார் சீடர். குருவை அப்படிச் சொல்லலாமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

“பேசுங்க சிஸ்டர். இன்னிக்கு நான் திருத்தமாட்டேன்.”

“தப்பா வந்துட்டா?”

“வரட்டும்.”

“மூணு மாசம் உசிரை எடுத்துட்டு இன்னிக்குக் கைவிட்டா எப்படி? ஒரே ஒரு தடவைதான் பேசக் கிடைக்குமோ என்னமோ. அவளுக்குத் தப்பாப் புரிஞ்சுட்டா?”

போன் அடித்தது.

திரையில் மொரீன் ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. மடியில் ஒரு கம்பளி. அதிலிருந்து நூல் ஒன்றை விரலால் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஹலோ, மொரீன்.”

அவர் நிமிரவில்லை.

“ஐ ஆம் ரெமெடியோஸ்.”

நூல் நீண்டுகொண்டே போனது. அண்ணன் மகள் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அதற்கும் விரல் நிற்கவில்லை.

சிஸ்டருக்குப் பதினோரு வரியில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சிஸ்டர் சொன்னார்.

“ஐ ஹேவ் செவன்ட்டி டூ இயர்ஸ்.”

வயதை அப்படிச் சொல்லக் கூடாது. இருபது முறை திருத்திய பிழை. டீச்சர் திரும்பவில்லை. ஆனால் நூல் பிரித்த விரல் நின்றது.

“ஐ வான்ட் டு மேக் யூ எ கொஸ்டின்.”

மொரீன் தலையை நிமிர்த்தினார்.

“ஆஸ்க்,” என்றார்.

சிஸ்டர் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“வீ ஆஸ்க் எ கொஸ்டின், ரெமெடியோஸ். வீ டோன்ட் மேக் இட்.”

குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் அது கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசிய குரல். வைரமணி டீச்சரே தன்னை அறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நௌ ஆஸ்க்,” என்றார் மொரீன்.

“ஆர் யூ ஆங்ரி வித் மீ?”

மொரீன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கி, நன்றாகப் பார்த்தார்.

“வித் யூ? ஆல்வேஸ்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ரெமெடியோஸ் சிஸ்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மூக்கு ஒழுகியது, துடைக்கவும் தோன்றவில்லை. இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு மொரீனின் விரல் மறுபடி கம்பளிக்குப் போனது.

அண்ணன் மகள் போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. அத்தை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகிறது என்றாள். தன்னைக்கூடக் கூப்பிடவில்லை என்றாள். அடுத்த வியாழக்கிழமையும் பேச முடியுமா என்று கேட்டாள். டீச்சர் தமிழில் சொல்ல, சிஸ்டர் தலையைத் தலையை ஆட்டினார்.

போன் அணைந்தது.

டீச்சர் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பேக்கரிக்காரர் கொடுத்தனுப்பிய டீ ஆறிப்போயிருந்தது. சிஸ்டர் அதை ஒரே மடக்கில் குடித்தார்.

“கேட்டீங்கல்ல டீச்சர்? எப்பவும் கோவம்தானாம் எம்மேல!” என்றார். இதைவிடப் பெருமை வேறு இல்லை என்பது போல இருந்தது அவர் குரல்.

“கேட்டேன் சிஸ்டர்.”

சிஸ்டர் நோட்டைப் பிரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். முகம் மெல்ல வாடியது.

“ஆனா எவ்வளவு தப்பு! மானமே போச்சு. ஆறு நாள்தான் இருக்கு. அடுத்த வியாழனுக்குள்ள எல்லாத் தப்பையும் சரி பண்ணிடணும் டீச்சர்.”

“எல்லாத்தையும் நாமளே சரி பண்ணிட்டா அவங்களுக்கு என்ன சிஸ்டர் வேலை?”