பொக்குத் தோட்டா

"எல்லா மிருகத்துக்கும் ஆகிற மாதிரி ஒரே ஒரு தோட்டா சொல்லுங்க அம்மணி," என்றார் சீடர்.

குரு கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு போதுமுங்க. மானுக்கும் ஆகோணும், காட்டெருமைக்கும் ஆகோணும்."

குரு குவியலில் இருந்து ஒரு கடலைக்காயைப் பொறுக்கி நீட்டினார். சீடர் பயபக்தியோடு இரு கையாலும் வாங்கி உடைத்தார்.

உள்ளே பருப்பு இல்லை.

"பொக்குங்க," என்றார் சீடர்.

"தெரியுமுங்க," என்றார் குரு. அடுத்ததை உடைத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அதில் இரண்டு பருப்பு இருந்தது.

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயர் நாச்சிமுத்து. மலைமேல் ஏலத் தோட்டம் வைத்திருந்தார். குருவுக்கு முப்பத்திரண்டு. பெயர் ராமாத்தாள். மலையடியில் கடலைக்காடு வைத்திருந்தார்.

லைசென்ஸ் எடுத்தவர்கள் வேட்டையாடலாம் என்றிருந்த காலம் அது. குறி தப்பியவர்கள் எல்லாம் ராமாத்தாளைத் தேடி வருவார்கள். அவர் சுட்டுக் காட்ட மாட்டார். வந்தவரைப்போலவே பேசி, நடந்து, தும்மிக் காட்டுவார். பாதிப் பேர் திருந்திவிடுவார்கள். மீதிப் பேர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போவார்கள்.

"துப்பாக்கிக் கடைக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் குரு.

"த்ரீ-செவன்டி-ஃபைவ் வாங்கச் சொன்னாருங்க. பெரிய தோட்டா."

குரு இல்லாத மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். குரல் குழைந்தது.

"சார், இதோட தரத்தை நான் சொல்லக் கூடாது சார். அடிபட்ட யானையைக் கேளுங்க சார். அதுவே சிபாரிசு பண்ணும்."

சீடர் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் எங்கும் இல்லை.

"ரிட்டயர்டு கேப்டன் என்ன சொன்னார்?"

"இப்ப இருக்கிற தர்ட்டி-நாட்-சிக்ஸே போதும்னாருங்க. நடுத்தரத் தோட்டா."

குருவின் நெஞ்சு நிமிர்ந்தது. மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்கினார்.

"மேன்! இதே தோட்டாவில் மான் அடிச்சிருக்கேன். கரடி அடிச்சிருக்கேன். ஒரு தடவை மாமனார் காரையும் அடிச்சிருக்கேன்!"

"ஐயோ, அதையும் சொன்னாருங்க!"

"உங்க மச்சான்?"

"அவன் யானைத் துப்பாக்கியே வாங்கச் சொல்றானுங்க."

"மாமோவ், குண்டு படவே வேண்டாம் மாமா. பக்கத்துல போனாலே சளி புடிச்சுச் செத்துரும் மாமா."

சீடர் சிரித்துவிட்டார். சிரித்த வாய் பாதியில் நின்றது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரு கடலையைக் கீழே வைத்தார். சொந்தக் குரலில் கேட்டார்.

"யாரைச் சுட்டீங்க?"

"காட்டெருமைங்க. ஒத்தை ஆளா நின்னுச்சு. இடக்கொம்பு நுனி ஒடிஞ்சது. மேட்டுல நல்லாக் காட்டிட்டு நின்னுச்சு. ஒரே வெடி. அலறிக்கிட்டுச் சோலைக்குள்ள ஓடிருச்சு."

"எங்கே பட்டுது?"

"தெரியலீங்க."

"ரத்தம்?"

"அந்நேரம் பார்த்து மழை ஊத்திருச்சுங்க. ஒண்ணும் தெரியல."

குரு மலையை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிபட்ட எருமை பாதையோரம் படுத்து ஆளுக்குக் காத்திருக்குமுங்க. சோலைக்குள்ளதான் எங்க பொம்பளைங்க வேலைக்கு வர்ற குறுக்குப் பாதை. முள் வெட்டிப் போட்டு அடைச்சுட்டேன். தினமும் காலையில நான் உள்ள போய்த் தேடறேன். கிடைக்க மாட்டேங்குது. சோறு எறங்கலீங்க அம்மணி. யாராச்சும் ஒருத்தி முள்ளைத் தாண்டிப் போயி…"

சீடர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தோட்டா பெருசா இருந்திருந்தா அங்கேயே விழுந்திருக்குமுங்க."

"நீங்க வாழ்க்கையில முதல்ல சுட்டது எந்தத் துப்பாக்கியில?"

"மாமா வீட்டு யானைத் துப்பாக்கிங்க. பதினெட்டு வயசு. மல்லாந்து விழுந்தேன். ஒரு மாசம் இந்தக் கையால சோறு அள்ள முடியல."

"ம்," என்றார் குரு.

கடலைக்காட்டுக்கு அந்தக் கோடியில் சுண்ணாம்பு பூசிய ஒரு பலகை இருந்தது. குரு சீடரின் துப்பாக்கியை வாங்கினார். முதுகைக் காட்டி நின்று தோட்டா போட்டார். பூட்டிக் கொடுத்தார்.

"சுடுங்க."

டமார்!

கொக்குகள் பறந்தன.

"எங்கே பட்டுது?"

"தெரியலீங்க."

பலகையில் ஒன்றும் இல்லை. பலகைக்கு முன்னால் மண் மட்டும் கொஞ்சம் புகைந்தது.

குரு மறுபடி முதுகைக் காட்டினார். பூட்டிக் கொடுத்தார்.

"சுடுங்க."

சீடர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பல்லைக் கடித்தார். துப்பாக்கி விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். ஆனால் சீடரின் தோள் குதித்தது. தலை பின்னால் போனது. கண் இறுக மூடியது. குழல் நுனி பூமியைக் கும்பிட்டது.

சற்று நேரம் கழித்து அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"வெடிச்சிருச்சுங்களா?"

"இல்லீங்க," என்றார் குரு. "நீங்கதான் வெடிச்சீங்க."

பூட்டைத் திறந்து உள்ளே இருந்ததை வெளியே தள்ளினார். எப்போதோ சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூடு. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை.

"பொக்கு," என்றார் சீடர்.

குரு கூட்டை மடியில் முடிந்துகொண்டார். தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்.

"எருமை நின்ன இடத்தைக் காட்டுங்க. போலாம்."

மலை ஏறும்போது குரு முன்னால் போனார். ஆனால் நடந்தது நாச்சிமுத்துவின் நடை. இல்லாத வயிறு ஒரு பக்கம், இல்லாத குடை ஒரு பக்கம். இருபது அடிக்கு ஒரு தரம் இருமல். பின்னால் வந்த நாச்சிமுத்துவுக்குத் தன்னையே துரத்திக்கொண்டு போவதுபோல் இருந்தது.

சோலை வாசலில் முள் கிடந்தது. முள்ளுக்கு இந்தப் பக்கம், ஏலம் பறிக்கும் ராக்காயி கூடையை இறக்கிவிட்டு நின்றிருந்தாள்.

"கும்புடுறேன் மொதலாளி. எருமை நெழல்ல சொகமாப் படுத்திருக்கு. நாங்க வெயில்ல மலையைச் சுத்துறோம். அதையும் பேரேட்டுல ஏத்தி எங்களுக்குப் பதிலா அதுக்கே கூலி குடுத்துருங்க."

"கொஞ்சம் பொறு ராக்காயி."

"பொறுக்கலாம். என் முழங்காலு பொறுக்க மாட்டேங்குதே. நாளைக்கு நான் முள்ளைத் தள்ளிட்டு உள்ளதான் போகப் போறேன். எருமையா நானான்னு பார்த்துருவோம்."

சீடரின் முகம் வெளுத்தது. குரு அதைப் பார்த்தார். ராக்காயியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

சோலையைச் சுற்றிப் போனால் ஒரு பாறை. பாறைக்கு எதிரே புல்சரிவு. சரிவின் உச்சியில்தான் அன்று எருமை நின்றது.

"அன்னைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்காருங்க," என்றார் குரு.

சீடர் உட்கார்ந்தார். குழலைப் பாறைமேல் வைத்தார். குரு முதுகைக் காட்டி எதையோ போட்டுப் பூட்டினார்.

"நிஜமுங்களா, பொக்குங்களா?"

"எருமை கேட்டுச்சா?"

சீடர் உச்சியைக் குறி பார்த்தார். அங்கே இப்போது வானம்தான் இருந்தது. அவருக்கு எருமை தெரிந்தது. ஒடிந்த கொம்பு தெரிந்தது. முள்ளைத் தாண்டும் ராக்காயி தெரிந்தாள். பல்லைக் கடித்தார். இழுத்தார்.

டிக்.

"அசையாதீங்க!"

கேப்டனின் குரல். சீடர் கல்லாகிப் போனார். குனிந்த தலை, மூடிய கண், இறங்கிய குழல், எல்லாம் அப்படியே நின்றன.

குரு அவர் தோள்வழியே குனிந்தார். குழல் எங்கே பார்க்கிறது என்று பார்த்தார். குழல் உச்சியைப் பார்க்கவில்லை. சரிவின் பாதியில், சற்று வலப்பக்கம் இருந்த ஒரு கரையான் புற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்பக் கண்ணைத் தொறக்கலாமுங்களா?"

"அது நம்ம கையிலயா இருக்குது?" என்று சொல்லிவிட்டுக் குரு சரிவில் இறங்கி ஓடினார்.

புற்று பழையது. வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. பாறையைப் பார்த்த பக்கம் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, மண் புதிதாகவும் சிவப்பாகவும் இருந்தது. கரையான் வீட்டில் ஓட்டை விழுந்தால் அது மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்புவதில்லை. தானே பூசிவிடும்.

சீடர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

குரு கத்தியால் தோண்டினார். முழங்கை வரை உள்ளே விட்டார். கையை வெளியே எடுத்து விரித்தார்.

உள்ளங்கையில் காளான்போல நசுங்கிய ஒரு குண்டு. அதன்மேல் ஈர மண். இரண்டு கரையான்.

சீடர் குண்டைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தார். எருமை நின்ற இடம் இன்னும் அவ்வளவு தூரத்தில் மேலே இருந்தது.

"அன்னைக்கு எத்தனை வெடி?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

"இங்க எத்தனை குண்டு?"

சீடர் புல்லில் உட்கார்ந்தார். பிறகு படுத்தே விட்டார். வயிறு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று குருவுக்கே தெரியவில்லை.

"படலீங்க அம்மணி! படவே இல்லீங்க!"

"குறி தப்பினதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட வேட்டைக்காரரை நான் பார்த்ததில்லீங்க."

"எனக்குப் பசிக்குதுங்க," என்றார் சீடர், ஆச்சரியத்தோடு.

குரு கடலைக்காய் கொடுத்தார். எல்லாவற்றிலும் பருப்பு இருந்தது.

இருவரும் பாறைக்குத் திரும்பி உட்கார்ந்து தின்றார்கள். வெயில் சாய்ந்தது. காற்று எதிரிலிருந்து வந்தது.

அப்போது சோலையிலிருந்து அது வெளியே வந்தது.

கருப்பு மலை. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை. இடக்கொம்பு நுனி ஒடிந்திருந்தது. நொண்டவில்லை. மெல்ல நடந்து உச்சிக்கு வந்து, பக்கவாட்டில் நின்று, புல்லைக் கடித்தது.

குரு முதுகைத் திருப்பினார். ஏதோ போட்டார். பூட்டினார். துப்பாக்கியைச் சீடர் கையில் வைத்தார்.

சீடர் அவரைப் பார்த்தார். எந்தத் தோட்டா என்று கேட்க வாய் திறந்தார். கேட்கவில்லை.

குறி பார்த்தார். அவர் பல்லைக் கடிக்கவில்லை. குழல் நுனிக்கு அப்பால் எருமையின் தாடை அசைவது தெரிந்தது. காது ஈயை விரட்டுவது தெரிந்தது. தோலுக்கு அடியில் மூச்சு போய் வருவது தெரிந்தது. அவ்வளவு நாள் செத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்த மூச்சு.

விரல் தானாக மடங்கியது.

டிக்.

குழல் அசையவில்லை.

எருமை நிமிர்ந்து பார்த்தது. யோசித்தது. மறுபடி குனிந்தது.

"எங்கே பட்டுது?" என்று மெதுவாகக் கேட்டார் குரு.

"முன்னங்கால் சந்துக்குப் பின்னால," என்றார் சீடர். கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஒரு சாண் மேலங்க."

குரு பூட்டைத் திறந்தார். துள்ளி வந்த பித்தளைக் கூட்டைக் காற்றிலேயே பிடித்து, சீடரின் சட்டைப் பையில் போட்டார்.

"நீங்க கேட்ட தோட்டாங்க."

கீழே சோலை வாசலில் ராக்காயி கூடைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எருமையைச் சுட்டாச்சா மொதலாளி?"

"சுட்டாச்சு."

"பட்டுச்சா?"

"சரியான இடத்துல."

"செத்துச்சா?"

"புல் மேயுது."

ராக்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாச்சிமுத்து முள்ளைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டார். கையில் குத்தியது. சிரித்தார். பிறகு குறுக்குப் பாதையில் முதல் ஆளாக, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடையைச் சுழற்றிக்கொண்டு நடந்தார்.

"இவருக்கு என்னா ஆச்சு?" என்று குருவிடம் கேட்டாள் ராக்காயி.

குரு கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.

"வெடிக்கல," என்றார்.